ஒன்பதாவதுக்கு மாநகராட்சிப் பள்ளி: சேர்க்கலாமா, வேண்டாமா?

ஒரு வாசகர் கேட்டது: "பையன் எட்டு வரைக்கும் மெட்ரிக்கில் படித்தான். இந்த வருஷம் ஃபீஸ் கட்ட வழியில்லை. வடசென்னை. வீட்டுக்குப் பக்கத்திலேயே மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ரிசல்ட் மோசம், பையன் கெட்டுப்போவான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். பிள்ளையை அங்கே படிக்க வைத்தவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள்."

2024 ஜூன் 11

நான் சொல்லலாம். என் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் இப்போது பத்தாவது. தொண்ணூறுகளில் நானும் அங்கேதான் படித்தேன். அதுபோக பள்ளி கேட்டுக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அட்மிஷனுக்கு வருகிறவர்களும் டீசி வாங்கிக்கொண்டு போகிறவர்களும் ஆதார், சாதிச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம் என்று என்னிடம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள், மகள் இன்னும் அங்கே படித்தாக வேண்டும்.

ரிசல்ட் குறைவு என்பது உண்மை. போன மாதம் வந்த பத்தாவது ரிசல்ட்டில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், எங்கள் பள்ளி அதற்கு ரொம்பவே கீழே. ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஒன்பதாவதில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதினார்கள்? ஆபீசில் கேட்டால் நேராகப் பதில் வராது. வாட்ச்மேனிடம் கேளுங்கள், இல்லை சத்துணவு ஆயாவிடம். யார் வருகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், தட்டு எண்ணுகிறவர்கள் அவர்கள்.

எட்டு வரைக்கும் எல்லாரும் பாஸ். ஒன்பதாவதில்தான் முதல் தடவையாக யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று கணக்குப் பார்க்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பையன் அடுத்த வருஷம் பத்தாவது எழுதினால் ஃபெயில், ஸ்கூல் பர்சென்டேஜ் இறங்கும், எச்.எம்.முக்கு மீட்டிங்கில் திட்டு. அதனால் ஏப்ரல், மே மாதத்தில் அம்மாவைக் கூப்பிடுவார்கள். "இவன் தாங்க மாட்டான்மா, டீசி வாங்கிட்டு ஏதாவது டுடோரியல்ல போடுங்க, தனித்தேர்வரா எழுதட்டும்." மிரட்டல் கிடையாது, ரொம்பத் தன்மையாகத்தான் சொல்வார்கள். போன வாரம்கூட ஓர் அம்மா டீசியை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். 'காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியிருந்தது. "நான் எங்கண்ணா விருப்பப்பட்டேன்" என்று என்னிடம் கேட்டார். இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை, அதைத் தவிர நான் என்ன செய்ய.

உங்கள் பையன் மெட்ரிக்கில் எட்டு வரைக்கும் படித்தவன், சரளமாக வாசிப்பான் என்றால் இந்தப் பிரச்சினை அவனுக்கு வராது. வகுப்பில் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சேருங்கள்.

2024 ஜூன் 11, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். சேர்க்கும் முன் ஒரு தடவை பாத்ரூமைப் பார்த்துவிட்டு வாருங்கள். பையன் என்றால் எப்படியோ சமாளிப்பான். என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வரும். குடித்தால் போக வேண்டுமே. ஏழாவதில் சேர்ந்ததிலிருந்து இதே கதை. நாப்கின் எரிக்கும் மிஷின் இருக்கிறது, சுவரில் மாட்டியபடி இருக்கிறது, ஓடிப் பார்த்ததில்லை என்கிறாள்.

2024 ஜூன் 15

"வாத்தியார்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு செல்போன் நோண்டுகிறார்கள்" என்று ஒருவர். செல்போன் நோண்டுவது உண்மைதான். என்ன நோண்டுகிறார்கள் என்று என் கடையில் வந்து பாருங்கள். வருகைப்பதிவு ஆப்பில், செருப்பு சைஸ் எமிஸில் (கல்வித்துறையின் ஆன்லைன் பதிவேடு), இலவச நோட்டு எத்தனை வந்தது எமிஸில், உயரம் எடை எமிஸில். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு மிஸ் என் கடை வைஃபைக்காக வந்து நிற்பார், அப்போது அவர் வகுப்பில் லீடர் பையன் கையில் ஸ்கேலோடு நிற்பான்.

அதைவிடப் பெரிய விஷயம் காலியிடம். மகள் எட்டாவது படித்தபோது கணக்கு சார் மாறுதல் கலந்தாய்வில் போய்விட்டார், நல்ல சார். அந்த இடம் பல மாதம் காலி. கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஒரு பெண்ணைப் போட்டார்கள். பி.எட். முடித்தவர், நன்றாகவே நடத்தினார். 2022-ல் அரசுப் பள்ளிக் காலியிடங்களில் தற்காலிகமாகப் பட்டதாரி ஆசிரியரைப் போட அரசு அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், பிறகு அதை 15,000 ஆக்கினார்கள். இந்தப் பெண்ணுக்குக் கழகம் கொடுத்தது அதற்கும் கீழே. தைமாதம் கல்யாணம் என்று நின்றுவிட்டார். மறுபடி லீடர், ஸ்கேல்.

2024 ஜூன் 16

லீடர் பையனைக் கிண்டல் செய்தேன் என்று மகள் சண்டைக்கு வருகிறாள். அந்த வருஷம் லீடர் அவள்தானாம்.

2024 ஜூன் 23

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் கொடுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றி இங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளி அதில் வராது என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2020-ல் வந்த சட்டத்தில் மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிக் கணக்குத்தான். அரசு உதவி பெறும் பள்ளிதான் சேராது. ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) கிடைக்கும் இருபத்தைந்து சதவீத இலவச சீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு விலக்கு உண்டு. கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் பையன் ஃபீஸ் கட்டிப் படித்தவன் என்றால் அந்த விலக்கும் கிடையாது.

என் மகளுக்கும் கிடையாது. கொரோனாவில் கடை மூடிக் கிடந்தபோது ஆறாவதுக்கு ஆன்லைன் கிளாஸ் ஃபீஸ் என்று மெட்ரிக்கில் உயிரை வாங்கினார்கள், எப்படியோ கட்டினோம், ஏழாவதுக்குத்தான் மாற்றினோம். அந்த ஒரு வருஷத்தால் 7.5-ம் போச்சு, கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டமும் போச்சு. பள்ளிக்கூடமே திறக்காத வருஷம் அது. எந்த ஸ்கூலில் படித்தாள் என்று கேட்டால் என் வீட்டு ஹாலில்தான் படித்தாள். என் மனைவி இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாள்.

இதனால் ஒரு யோசனை, ஐந்தாவது முடிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் ஆறிலேயே மாற்றிவிடுங்கள்.

2024 ஜூலை 9

புள்ளிங்கோ கட்டிங். இன்று காலை பிரேயர் முடிந்ததும் பதினைந்து இருபது பையன்களை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள், முடிவெட்டிக்கொண்டு வா என்று. பாதிப் பேர் என் கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சலூனுக்குக் காசு யாரிடம் இருக்கிறது? பத்து மணிக்குக் கலைந்தார்கள், ஒருத்தனும் திரும்பி உள்ளே போகவில்லை. அதில் இருவரை சாயந்திரம் பஸ் படிக்கட்டில் பார்த்தேன், ஒரு கால் உள்ளே ஒரு கால் ரோட்டில், காலேஜ் ரூட்டு தல மாதிரியே ஜன்னலைத் தட்டிப் பாட்டு.

பிடி சாரிடம் சொன்னேன்: "சார், முடி நீளமா இருந்தா கணக்கு ஏறாதா?" "நீங்க வந்து ஒரு பீரியட் எடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அறுபது பேர் வகுப்பு.

2024 ஆகஸ்ட் 27

பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோர்தான் தலைவர், முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், பாதி பேர் பெண்கள். பேப்பரில் அருமையான ஏற்பாடு. வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுவேலைக்குப் போகும் அம்மாக்கள், ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்திருந்தார்கள். யார் தலைவர் என்பது முன்பே முடிவாகியிருந்தது என்று எனக்குப் பட்டது, வார்டு ஆட்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் பாத்ரூம் விஷயத்தை எடுத்தேன். எச்.எம். உடனே "துப்புரவுப் பணியாளர் ஒருத்தர்தான், ஆயிரம் பிள்ளைங்க" என்றார். அப்போது ஓர் அம்மா எழுந்து, தலைவர் ஆனவர் இல்லை, வேறொருவர், "நான் ஆபீஸ்ல பாத்ரூம் கழுவுற வேலைதான் பாக்குறேன். எத்தனை பேருக்கு எத்தனை தடவை கழுவணும்னு எனக்குத் தெரியும். ஒருத்தரால ஆகாது. ரெண்டாவது ஆளுக்கு எழுதிப் போடுங்க, நாங்க எல்லாம் கையெழுத்துப் போடுறோம்" என்றார். அங்கேயே தீர்மானம் எழுதியாயிற்று. நானாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

2024 அக்டோபர் 16

மழை லீவு. தரைத்தள வகுப்பில் தண்ணீர், பெஞ்ச் மேல் பெஞ்ச் அடுக்கியிருக்கிறார்கள். என் கடையிலும் முழங்கால் தண்ணீர், மிஷினை மேஜைமேல் ஏற்றிவிட்டேன். ரெண்டாவது பாத்ரூம் ஆள் வந்துவிட்டாரா என்று கேட்டவருக்கு: வரவில்லை.

2024 நவம்பர் 18

"அந்தப் பசங்களுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை, அப்பா அம்மாவும் கண்டுகொள்வதில்லை" என்று நேற்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். சரி, ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் எங்கள் பள்ளி பத்தாவது வகுப்புக்கு வந்து பாருங்கள். பின்பெஞ்சு காலி. கேட்டரிங். சாயந்திரம் ரிசப்ஷனுக்கு வேன் வந்து தெருமுனையில் ஏற்றிக்கொள்ளும், கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, தலையில் வலை. ஸ்கூல் ஷூதான் காலில், அது ஒன்றுதான் அரசாங்கம் கொடுத்தது. பரிமாறி, இலை எடுத்து, பாத்திரம் ஏற்றி வீட்டுக்கு வர ராத்திரி ஒரு மணி. மறுநாள் விடிகாலை முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் நின்றால் இன்னொரு பேட்டா.

என் மகள் வகுப்பில் ஒரு பையன், பெயர் வேண்டாம். போன வருஷம் இவர்கள் குடியிருந்த கால்வாய்க்கரை வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் குடியிருப்பு கொடுத்தார்கள். வருஷ நடுவில். அங்கே பள்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு வேலை இங்கே, நாலு வீடு. பையனுக்குக் கேட்டரிங் வேன் இங்கே. அதனால் விடிகாலையில் அம்மாவோடு பஸ் ஏறி வருகிறான், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. முதல் பீரியடில் தலையைச் சாய்த்தால் தமிழ் ஐயா எழுப்புவதில்லை, "தூங்கிக்கோடா" என்பாராம். எழுப்பாதது சரியா தப்பா என்று வீட்டில் எங்களுக்குள் சண்டையே நடந்தது. மகள் சரி என்கிறாள். எனக்குத் தெரிந்து அந்தப் பையன் தமிழ்ப் பாடமே கேட்காமல் போகிறான்.

கண்டுகொள்ளாத அம்மா என்றால் அவனை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வருவாளா?

2024 நவம்பர் 18, சற்று நேரம் கழித்து

"அப்போ வேலைக்குப் போகிற குழந்தைகளை நியாயப்படுத்துகிறீர்களா" என்றால், இல்லை. காலியான பெஞ்சுக்குக் காரணம் கேட்டீர்கள், சொன்னேன்.

2024 டிசம்பர் 26

ஐந்து, எட்டு வகுப்பில் ஃபெயில் போடலாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் பழையபடி ஆல் பாஸ் தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஜூனில் எழுதியதைக் காட்டி, "பார்த்தீர்களா, ஆல் பாஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நீங்களே சொன்னீர்கள்" என்று இருவர் வந்துவிட்டார்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். என் காலத்தில் ஃபெயில் இருந்தது. அப்பாவுக்கு பி அண்ட் சி துணி மில்லில் வேலை, பாதி வகுப்பு மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். ஆறாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் மூன்றாவது வருஷம் ஏழாவதுக்குப் போகவில்லை, மெக்கானிக் ஷெட்டுக்குப் போனான். 1996-ல் மில் மூடியதும் பாஸானவர்களும் போனார்கள். ஃபெயில் போட்டால் படித்துவிடுவான் என்பதை நான் பார்த்ததில்லை. இப்போது பத்தாவதில் இருக்கும் இந்த செட் ஆறாவது முழுக்க வீட்டில் கழித்தது, ஏழாவதுக்கு நவம்பரில்தான் பள்ளிக்குள் கால் வைத்தது. அதற்குப் பிறகு உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கொரோனாவுக்குப் பிறகு அரசு கொண்டுவந்த சாயந்திர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர் ஒரு பெண் எங்கள் தெருவில் சாயந்திரம் எடுத்தார், அவர் இருந்தவரைக்கும் நன்றாக நடந்தது. எட்டாவதில் ஃபெயில் போட்டால் ஒன்பதாவதில் நடக்கும் டீசி சமாச்சாரம் ஒரு வருஷம் முன்னால் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் எனக்கு முழுத் தெளிவு இல்லை, வாதாடுங்கள்.

2025 ஜனவரி 20

அரையாண்டு முடிந்து மினிமம் மெட்டீரியல் சீசன். என் கடைக்கு இதுதான் தீபாவளி. 'மெல்லக் கற்போர் கையேடு' என்று பெயர் போட்டு வரும், பசங்க சொல்வது மினிமம்.

கணக்கு எப்படி என்று ஒரு சார் விளக்கினார். ஒரு மார்க் பதினான்கு, பெரும்பாலும் புத்தகத்தின் பின்னாலிருந்து வரும், கேள்வியே புரியாவிட்டாலும் விடையை மனப்பாடம் பண்ணலாம். அப்புறம் வடிவியல் வரைதல் எட்டு, கிராஃப் எட்டு. ஆக முப்பது. இன்னும் ஐந்து மார்க்குக்கு இரண்டு மார்க் கேள்வி மூன்றைத் தேற்றினால் 35-ஐத் தாண்டிவிடலாம். வருஷம் முழுக்கக் கணக்கு சாரே இல்லாத வகுப்பை ஜனவரியில் கையில் கொடுத்தால் அவரும் என்ன செய்வார். அந்தப் பெரும்பாக்கத்துப் பையன் தொடுகோடு வரைவதை என் கடை மேஜையில் பார்த்தேன். காம்பஸை நிதானமாகப் பிடித்து, வட்டம் போட்டு, வெளிப்புள்ளி வைத்து, மையக்குத்துக்கோடு போட்டு, ரொம்ப அழகாக வரைந்தான். இது எதுக்குடா என்றேன். "எட்டு மார்க்குக்கு அண்ணா."

மைக்ரோ ஜெராக்ஸ் போடுவீர்களா என்று கேட்டவருக்கு: பிட்டுக்கு என் கடையில் சைஸ் குறைப்பதில்லை. அடுத்த தெருவில் குறைக்கிறார்கள், விலாசம் சொல்ல மாட்டேன்.

2025 பிப்ரவரி 14

ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார், இந்த ஊர் இல்லை. ஒன்பதாவதில் பிள்ளைகளைக் கழற்றிவிடுவது இப்போது அவ்வளவு சுலபமில்லை, வராத பிள்ளையும் எமிஸில் இருந்துகொண்டேயிருக்கிறான், நாமினல் ரோலில், அதாவது பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில், பெயர் போகிறது, பரீட்சைக்கு வராவிட்டால் எங்களைத்தான் கேட்கிறார்கள் என்கிறார். சரியான விஷயம். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு 50 ஆயிரத்துக்கும் மேல் ஆப்சென்ட் என்று பெரிய செய்தியானதே, அது இதுதான். எல்லாரும் அதிர்ச்சியானார்கள். எனக்கு அன்றைக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது, முதல் தடவையாக அந்தப் பிள்ளைகள் ஒரு கணக்கிலாவது வந்தார்கள்.

அதனால் ஜூனில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் பள்ளியில் டீசி கொடுத்து அனுப்புவது முன்னைவிடக் குறைந்திருக்கிறது. வராமல் பெயர் மட்டும் இருப்பது கூடியிருக்கிறது. தொடர்ந்து வராதவர்கள் வீட்டுக்கு ஆசிரியர்கள் போய்க் கூப்பிடுகிறார்கள், பார்த்திருக்கிறேன், சயின்ஸ் மிஸ் ஸ்கூட்டியில் குடிசை மாற்று வாரிய பிளாக்கில் மாடி மாடியாக ஏறினார். கூப்பிட்டு வந்த மறுநாள் அவனை முடி வெட்டச் சொல்லி வெளியே அனுப்பாமலிருந்தால் சரி.

2025 மார்ச் 10

சாயந்திர ஸ்பெஷல் கிளாஸ். சுண்டல் கொடுக்கிறார்கள். சுண்டலுக்காகவே வருகிறவர்கள் உண்டு, வரட்டுமே. நேற்று பட்டாணி, எண்ணி எண்ணிப் போட்டார்கள் என்று மகள் புகார்.

துப்புரவுப் பணியாளர் இரண்டாவது ஆள் வந்துவிட்டார். தீர்மானத்தால் வந்தாரா, ஏதாவது அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று வந்தாரா தெரியாது. மகளின் தண்ணீர் பாட்டில் இன்று பாதி காலியாக வந்தது.

2025 மே 16

ரிசல்ட். மாநிலம் 93.80. மகள் நல்ல மார்க், கணக்கில் மட்டும் அவள் நினைத்ததைவிடக் குறைவு. அதற்குமேல் சொன்னால் திட்டுவாள். அதே பள்ளியில் பதினொன்றாவது, பயாலஜி வேண்டாம், காமர்ஸ் என்கிறாள்.

எங்கள் பள்ளி போன வருஷத்தைவிட ஏறியிருக்கிறது, கேட்டில் பேனர் வந்துவிட்டது. முதல் மூன்று இடங்களும் பெண்கள். ஒன்பதாவதில் அவளோடு இருந்தவர்களை அவளே விரல்விட்டு எண்ணினாள்: இவன் வந்தான், இவள் கல்யாணம், இவன் ஆப்சென்ட், இவன் எங்கே போனான் தெரியவில்லை. பேனரில் அந்தக் கணக்கு இல்லை.

பெரும்பாக்கத்துப் பையன் கணக்கில் பாஸ். 38. தமிழில் ஃபெயில்.

தமிழ் ஐயா காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார், ஒன்றும் பேசாமல் துணைத்தேர்வுக்கு என்னென்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். பள்ளி மாணவன்தான் என்பதால் பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்கலாம், ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்றார். ஜூலையில் பரீட்சை. அதுவரைக்கும் சாயந்திரம் என் கடையின் பின்னறையில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன், ஐயா வருவதாகச் சொல்கிறார். முகூர்த்த நாட்களில் வர முடியாது என்று பையன் இப்போதே சொல்லிவிட்டான்.

டுடோரியலுக்குப் போட்ட அம்மாக்கள் இதைப் படித்தால் ஒரு தகவல். தனித்தேர்வர் என்றால் சயின்ஸ் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அது பரீட்சைக்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிடும். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25, இரண்டிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும். டுடோரியலில் இதைச் சொல்லாமல் விட்டு ஒரு வருஷம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வந்ததும் இங்கே போடுகிறேன், பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள்.